நாலு முன்னால், நாலு பின்னால்

அழுத்துவதற்கு முன்னால் அவள் சரிபார்க்கத்தான் செய்தாள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பின்னால் விஷயம் தெரிந்தவர்கள் எல்லோரும், போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக்கொண்டவர் உட்பட, "பார்த்து அனுப்பியிருக்கக் கூடாதாம்மா?" என்றுதான் கேட்டார்கள். பார்த்தாள். திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்குச் சமையலறை மேடைமேல் போனை வைத்து, ஈரக் கையைத் துண்டில் துடைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் நாலு எழுத்தைப் பார்த்தாள். சரி. கடைசி நாலு எழுத்தைப் பார்த்தாள். அதுவும் சரி. அப்புறம்தான் அழுத்தினாள். அப்பா விட்டுப்போன வீட்டை விற்றதில் தம்பிக்குச் சேர வேண்டிய பாதி, சத்தம் காட்டாமல் அவள் போனை விட்டுக் கிளம்பிப் போனது. அவள் திரும்பி நின்று மீதிப் பாத்திரத்தைத் தேய்த்தாள்.

அவளுக்கு வேலை பார்சல் பிரிக்கும் கிடங்கில். பத்தொன்பது வருஷமாக அதே மேசை. பெல்ட்டில் வருகிற பெட்டிகளை மெஷினே படித்து ஊர்வாரியாகக் கூண்டுக்குள் தள்ளிவிடும். நனைந்தது, கிழிந்தது, மசி அழிந்தது எதுவும் மெஷினுக்குப் படிக்க வராது. அதையெல்லாம் ஓரமாக ஒதுக்கி அவள் மேசைக்கு அனுப்பும். ஒவ்வொரு பெட்டியின் மேலும் இருபது இலக்கம். முதல் நாலு எந்த ஊர் என்று சொல்லும், கடைசி நாலு எந்தத் தெரு வண்டி என்று சொல்லும். நடுவில் கிடக்கிற பன்னிரண்டும் சும்மா வரிசை எண். அதையும் உட்கார்ந்து படிக்கிறவன் பொழுது விடியும்வரை படித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். முன்னால் நாலு, பின்னால் நாலு, பெட்டி பறந்து போய்க் கூண்டில் விழும். கிடங்கில் எல்லோருக்கும் இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். அதனால் அங்கே அவள் பெயரே நாலுநாலு என்றாகிவிட்டது. சம்பளச் சீட்டு கொடுக்க வருகிற சூபர்வைசர்கூட "எங்கப்பா நம்ம நாலுநாலு?" என்றுதான் கேட்பார். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

யானைக்கும் அடி சறுக்கும் அல்லவா, வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ பெட்டி அவள் கையிலும் தப்பும். தப்பினால் என்ன குடியா முழுகிவிடும்? தப்பான ஊரில் ஒருத்தன் எடுத்துப் பார்த்து "இது நம்மளுதில்லையே" என்று திருப்பி விடுவான். மூன்றாம் நாள் சிவப்புச் சீட்டு ஒட்டிக்கொண்டு அதே பெட்டி அவள் மேசைக்கே வந்து நிற்கும். போனது திரும்பி வரும் என்பதில் அவளுக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

தம்பி இருப்பது வேறு நாட்டில். பிரிட்ஜ், ஏசி, கடைகளுக்குள் இருக்கும் குளிரறை எல்லாம் ரிப்பேர் பார்ப்பான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் அந்த நாட்டு பேங்குகள் ஷட்டரை இறக்கின. மறுபடி திறந்தபோது வாசலில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. வாரத்துக்கு இவ்வளவுதான் எடுக்கலாம். அந்த இவ்வளவு, நாலு நாள் காய்கறிக்குக்கூடக் காணாது. இங்கிருந்து அவள் பேங்கில் போடுகிற பணம் தம்பி கணக்குக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது, கணக்கிலிருந்து அவன் கைக்குத்தான் வரவில்லை. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாத கதை என்பார்களே, இது கைக்கே எட்டவில்லை. அந்தச் சமயத்தில்தான் அவன் போனிலேயே அனுப்புகிற கிரிப்டோ காயின் என்று ஆரம்பித்தான். அவன் ஊரில் பாதிப் பேர் ஏற்கெனவே அதில்தான் ஓடிக்கொண்டிருந்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் வாங்கினார், பார்ட்ஸ் விற்கிறவர் வாங்கினார், வீட்டுக்காரர் வாடகையை அதில்தான் கொடு என்றார். இன்றைக்கு ஏறி நாளைக்கு விழுகிற ரகம் இல்லை, விலை ஒரே இடத்தில் நிற்கிற ரகம்தான் என்று தம்பி வீடியோவில் ஒரு மணி நேரம் பாடம் நடத்தினான்.

அவள் புருஷன் பஸ் ஓட்டுகிறவர். எதையும் தட்டினால் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துத்தான் நம்புவார். "பேங்குன்னா ஒரு கட்டடமாவது இருக்கு. பணம் போச்சுன்னா வாசல்ல போய் நின்னு கத்தலாம். இதுக்கு யார் வாசல்ல போய்க் கத்துவே?" என்றார். அவள் சிரித்தாள். தம்பி பேங்க் வாசலில் நின்று கத்திக் கத்தி என்ன கிடைத்தது, தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

முதல் தடவை அனுப்பினபோது பத்தே நிமிஷத்தில் அது போய்ச் சேர்ந்ததை நினைத்தால் இப்போதும் அவளுக்கு ஆச்சரியம்தான். பேங்கில் என்றால் ஒரு தாள், அதற்கு ஒரு நகல், எதற்கு அனுப்புகிறீர்கள், என்ன உறவு, உறவுக்கு என்ன அத்தாட்சி, கையெழுத்து போன தடவை மாதிரி இல்லையே, நாளைக்கு வாங்க. கூடப் பிறந்தவன் என்பதற்கு எந்தக் கடையில் அத்தாட்சி விற்கிறார்கள்? இங்கே யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தன் காசைத் தன் தம்பிக்குக் கொடுக்க எவன் தயவும் வேண்டாம் என்பது ஐம்பத்திரண்டு வயதில் ஒருத்திக்குக் கிடைத்தால் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடப்பாள். அவளும் நடந்தாள். கிடங்கில் இரண்டு பேருக்குச் சொல்லியும் கொடுத்தாள்.

அக்காவுக்கும் தம்பிக்கும் இடையில் ஒரு பழக்கம் ஏற்பட்டிருந்தது. பணம் சேர்ந்ததும் அவன் அதிலிருந்து துளியூண்டு, ஒரு காயினில் நூறில் ஒரு பங்கு, அவளுக்குத் திருப்பி அனுப்புவான். பெரும்பாலும் அவன் ஏதாவது மெஷினுக்கு அடியில் எண்ணெய்க் கையோடு படுத்துக் கிடப்பான், பேச முடியாது. அந்தத் துளி வந்தால் வந்துச்சுக்கா என்று அர்த்தம். அதற்கு அவர்கள் சிட்டிகை என்று பெயர் வைத்திருந்தார்கள். "சிட்டிகை வந்துச்சா?" என்று புருஷன் கேட்பார், "வந்துச்சு" என்பாள், அன்றைக்குப் பேச்சு அதோடு முடியும்.

இப்போது பெரிய பணம். தம்பி பதினொரு வருஷமாக வாடகைக்கு வைத்திருந்த ஒர்க்‌ஷாப்பை அதன் சொந்தக்காரர் விற்கப்போகிறார். முதல் வாய்ப்பு உனக்குத்தான், வெள்ளிக்கிழமைவரை பொறுப்பேன் என்றார். பக்கத்து டயர்க்கடைக்காரன் ரொக்கத்தோடு காத்திருந்தான். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று தம்பி அலைந்தது அக்காவுக்குத் தெரியும். அந்த இடம் போனால் கம்ப்ரஸர்களையும் கேஸ் சிலிண்டர்களையும் தலையில் தூக்கிக்கொண்டா திரிவான்? அப்பா வீடு விற்ற பணம் சரியாக அந்த நேரத்துக்கு வந்தது. இரண்டு பாதி. அவள் பாதி பேங்கில்தான் இருக்க வேண்டும் என்று புருஷன் ஒற்றைக் காலில் நின்றார், அவளும் சரி என்றாள். தம்பி பாதியை மட்டும் காயினாக மாற்றினாள்.

ஆழம் பார்த்துத்தான் காலை விட்டாள். முதலில் கொஞ்சம் போல அனுப்பி, அது சேர்ந்த பிறகு பெரியதை அனுப்புவது என்று பேச்சு. ஐந்து மணிக்குக் கொஞ்சம் அனுப்பினாள். இருபது நிமிஷம் கழித்துப் போன் டிங் என்றது. பட்டியலின் தலைமாட்டில் ஒரு சிட்டிகை வந்து உட்கார்ந்திருந்தது. அவளுக்கு ஒரே சந்தோஷம். காயின் போய்ச் சேருகிற கணக்குக்கு வாலட் என்று பெயர், தம்பியின் வாலட் முகவரி நாற்பத்திரண்டு எழுத்தும் எண்ணும் கலந்தது, என்றைக்கோ அவன் அனுப்பிய செய்தியில் எங்கேயோ கிடந்தது. அதைத் தேடுவானேன்? சிட்டிகை எங்கிருந்து வந்ததோ அங்கேயே திருப்பி அனுப்பினால் போகிறது. போனிலும் முகவரியை முழுசாகக் காட்டுவதில்லை. முன்னால் நாலு, நடுவில் மூன்று புள்ளி, பின்னால் நாலு. அவளைக் கேட்டுத்தான் அதைச் செய்தார்களோ என்று தோன்றும்.

ஆறேகாலுக்கு இன்னொரு டிங். இன்னொரு சிட்டிகை. பெரியதும் சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே தம்பியே கூப்பிட்டான். இப்போதுதான் மெஷினுக்கு அடியிலிருந்து எழுந்தானாம். சின்னது வந்துவிட்டது, இதோ சிட்டிகை போட்டிருக்கிறேன், பெரியது எப்போது போடுவாய் என்று கேட்டான்.

இவன் இப்போதுதான் சிட்டிகை போட்டான் என்றால் முதலில் வந்தது யார் போட்டது? "ஒரு நிமிஷம் இருடா" என்று சொல்லிவிட்டு அந்த மூன்று புள்ளியை விரலால் தொட்டாள். முகவரி முழுசாக விரிந்தது. முன்னால் நாலும் தம்பியுடையது. பின்னால் நாலும் தம்பியுடையது. நடுவில் இருந்த முப்பத்து நாலும் யாரோ ஒருவனுடையது.

இதற்கென்றே மெஷின் வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்குப் பிற்பாடு தெரிந்தது. யார் யாருக்கு அனுப்புகிறார்கள் என்பது ஊர் உலகத்துக்கே தெரிகிற ஏட்டில் எழுதப்படுகிறது. அதை ஒரு மெஷின் இருபத்து நாலு மணி நேரமும் பார்த்துக்கொண்டிருக்கும். அவள் சின்னதை அனுப்பினதும், இவள் இன்னும் அனுப்பக்கூடும் என்று மோப்பம் பிடித்து, முன்னும் பின்னும் அதே எழுத்து வருகிற ஒரு முகவரியை உருட்டித் தயாரித்து, அதிலிருந்து ஒரு துளியை அவளுக்குப் போடும். எத்தனையோ பேருக்குப் போடும். அவர்களுக்கு அந்தத் துளி என்னவென்றே தெரியாது, விட்டுவிடுவார்கள். துளி வந்தால் தம்பி என்று நினைக்கிற குடும்பம் உலகத்தில் இது ஒன்றுதான் இருந்திருக்கும்.

"என்னக்கா, இருக்கியா?" என்றான் தம்பி.

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "இங்க நெட்டு விட்டு விட்டு வருதுடா. நாளைக்குப் போடறேன்" என்று வந்தது. ஏன் அப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு பெட்டி தப்பினால் மூன்று நாள் பொறு என்று பழகின புத்தி போல.

"சரிக்கா" என்றான் அவன். ஒரு கேள்வி கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டாள். வாலட் கம்பெனிக்குக் கூப்பிட நம்பர் இல்லை. உதவி கேட்கிற பக்கம் ஒன்று இருந்தது, அதில் எழுதினாள். எழுதி ஒரு நிமிஷம் ஆகவில்லை, மூன்று பேர் ஓடி வந்தார்கள், மூன்று பேரும் அவ்வளவு மரியாதை. மீட்டுத் தருகிறோம் மேடம், உங்கள் வாலட்டைத் திறக்கிற ரகசியச் சொற்கள் பன்னிரண்டையும் மட்டும் அனுப்புங்கள் என்றார்கள். வீடு எரியும்போது பீடிக்கு நெருப்புக் கேட்க வந்த கும்பல். ஐந்து சொல்வரை அடித்துவிட்டாள், அப்புறம்தான் சுதாரித்து எல்லாவற்றையும் அழித்தாள். போலீஸ் ஸ்டேஷனில் நல்லவிதமாகத்தான் பேசினார்கள். யார்மேல் புகார் என்று கேட்டார்கள். அவள் நாற்பத்திரண்டு எழுத்தைக் காட்டினாள். எழுதிக்கொண்டவர் அதைப் பொறுமையாக, ஒரு எழுத்து விடாமல் பார்த்து எழுதினார். அவ்வளவு பொறுமை தனக்குத் திங்கட்கிழமை இருந்திருக்கக் கூடாதா என்று அவளுக்கு அழுகை வந்தது.

புருஷனிடம் அன்றைக்குச் சாயங்காலம் சொன்னாள். நான் அப்போதே சொன்னேனே என்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் சொல்லவில்லை. காக்கிச் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு உட்கார்ந்து முட்டியைத் தேய்த்தார். அவருக்கு மூன்று வருஷத்தில் ஓய்வு. கிளட்ச் மிதித்து மிதித்து இடது முட்டி போயே போய்விட்டது. அந்த முட்டியோடு படி ஏறாமல் இருக்கத் தரைத்தளத்தில் ஒரு வீடு பார்க்கலாம் என்று அவள் பங்குப் பாதியை நம்பிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அவன் பாதி போச்சு. நம்ம பாதி இருக்கு" என்றார் கடைசியில்.

அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று அவளுக்குப் புரியவில்லை. விசாரிக்கத் துணிவும் வரவில்லை. அவரே சொன்னார். "முதல்ல அவன்கிட்ட சொல்லிடு. சொல்லாம வச்சிருக்கியே, அதுக்குத்தான் வட்டி ஏறும்."

சொல்லியிருக்கலாம். ஆனால் பணம் அங்கேயே இருந்ததே! அதுதான் கொடுமை. எந்தத் திருடனும் திருடினதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துத் தெருவில் நிறுத்த மாட்டான். இது அப்படித்தான் நின்றது. அந்த முகவரியைப் போட்டால் போதும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அவள் அனுப்பின தொகை, காசு குறையாமல் அப்படியே உட்கார்ந்திருந்தது. கிடங்கில் கூண்டுக்கும் மேசைக்கும் நடுவில் நின்று மணிக்கு ஒருமுறை பார்த்தாள். இருக்கிறது. இன்னும் இருக்கிறது. எடுக்காமல் வைத்திருக்கிறான் என்றால் மனசாட்சி உறுத்துகிறதோ, நம்மளுதில்லையே என்று திருப்பி விடுவானோ? அசட்டுத்தனம்தான். அது அசட்டுத்தனம் என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் புதன்கிழமை மத்தியானம் அவள் ஒரு காரியம் செய்தாள். தன் வாலட்டில் மிச்சமிருந்த சில்லறையிலிருந்து அந்த முகவரிக்கு ஒரு சிட்டிகை அனுப்பினாள். எழுதிக் கேட்க அவளுக்கு வழி தெரியவில்லை. நான் ஒரு மனுஷி இங்கே இருக்கிறேன் என்று காட்ட அவளுக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான். பதில் வரவில்லை.

தம்பி செவ்வாயும் புதனும் ஒவ்வொரு தடவை கூப்பிட்டான். செவ்வாய்க்கிழமை நெட் என்றாள், புதன்கிழமை மாமாவுக்கு முட்டி வலி, ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் என்றாள். இரண்டு நாளும் அவன் "சரிக்கா" என்றதோடு சரி. கத்தியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

வியாழக்கிழமை மத்தியான இடைவேளையில் அவளே கூப்பிட்டாள். அவள் கிடங்கில் ஒரு வாக்கியத்தைக் காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தாள். தப்பு என்னுது, என் பாதியில பாதியை எடுத்துக்கோ, மீதியை வருஷத்துக்கு இவ்வளவுன்னு கொடுத்துடறேன். புருஷனும் அதற்குத் தலையாட்டியிருந்தார். பாதியில் பாதி வந்தால் தம்பி இடத்துச் சொந்தக்காரரிடம் முன்பணமாகக் கொடுத்து வெள்ளிக்கிழமையைத் தாண்டிவிடலாம்.

இடைவேளை அறையில் யாரும் இல்லை. போனைத் தண்ணீர்க் கூஜாமேல் சாய்த்து வைத்தாள். அட்டைப்பெட்டி விளிம்பு கிழிக்காமல் இருக்க விரல் நுனிகளில் வெள்ளை நாடா சுற்றுவது அந்த வேலையில் இருப்பவர்கள் வழக்கம். காலையில் சுற்றினது மத்தியானத்துக்குள் நைந்து போகும். பேசுவதற்குத் துணையாக இருக்கட்டும் என்று பழையதை உரித்துப் புதிதாகச் சுற்ற ஆரம்பித்தாள். திரையில் தம்பி வந்தான். பக்கத்தில் அவன் பெண்டாட்டி. அவள் மருந்துக்கடையில் நிற்கிறவள், இந்த நேரத்தில் வீட்டில் இருக்க மாட்டாள். இன்றைக்கு இருந்தாள்.

நாலுநாலு சொன்னாள். திங்கட்கிழமையிலிருந்து ஆரம்பித்து, முதல் சிட்டிகை, மூன்று புள்ளி, நெட் என்று சொன்ன பொய், ஆஸ்பத்திரி என்று சொன்ன பொய், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அவள் முடித்த பிறகு தம்பி கீழே பார்த்துக்கொண்டு சொன்னான்.

"தெரியும்க்கா. திங்கட்கிழமையே பார்த்துட்டேன்."

எப்படிப் பார்த்தாய் என்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. அவள் எந்த ஏட்டைப் பார்த்து மூன்று நாள் ஏங்கினாளோ அதே ஏடு அவன் போனிலும் இருக்கிறது. அவள் வாலட்டிலிருந்து பெரிய தொகை கிளம்பினதை, அது தனக்கு வராததை, அவன் அன்றைக்கே உட்கார்ந்து பார்த்திருக்கிறான். அதற்கப்புறம் அவள் நெட் வரவில்லை என்றபோது சரிக்கா என்றிருக்கிறான். வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது.

"அப்புறம் ஏன்டா கேக்கல?"

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன்."

தம்பி பெண்டாட்டி தொண்டையைச் செருமினாள். கெட்டவள் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மாமனார் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது விமானச் சீட்டுப் போட்டு வந்து ஒரு மாதம் பார்த்துக்கொண்டவள். ஆனால் அவள் தன் பதினாறு வருஷச் சேமிப்பை ஒரு பேங்கில் பறிகொடுத்தவள். ஷட்டர் இறங்குவதற்கு முந்தின நாள்கூட மேனேஜர் சிரித்த முகமாகத்தான் பேசினாராம். அதிலிருந்து சிரித்த முகம், அழுத முகம் எதையும் அவள் கணக்கில் எடுப்பதில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. அந்த வாலட்டு யாரோடதுன்னு அதுல எழுதியிருக்கா?"

"இல்ல."

"அப்ப அது யாரோடதா வேணா இருக்கலாம். முன்னாடியும் பின்னாடியும் இவரோட நம்பர் மாதிரியே இருக்கு. தெரிஞ்சவங்கதானே அப்படிச் செய்ய முடியும்? நேத்து மத்தியானம் நீங்க மறுபடி அங்க கொஞ்சம் அனுப்பியிருக்கீங்க. திருடனுக்கு யாராவது சில்லறை அனுப்புவாங்களா? உங்க பாதி மட்டும் பேங்குல பத்திரமா இருக்கு. மூணு நாளா நெட் இல்லன்னீங்க, ஆஸ்பத்திரின்னீங்க."

ஒவ்வொன்றும் உண்மை. அடுக்கிப் பார்த்தால் அவளுக்கே தன்மேல் சந்தேகம் வரும் போலிருந்தது. யாரும் கேள்வி கேட்காமல் அனுப்பலாம் என்று அவள் மெச்சிக்கொண்ட அதே சமாசாரம் இப்போது குறுக்கே நின்றது. பேங்க் என்றால் இது இன்னார் கணக்கு என்று ஒருத்தன் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பான். இங்கே தன்னுடையது என்று நிரூபிக்கப் பன்னிரண்டு சொல் இருக்கிறது. தன்னுடையது இல்லை என்று நிரூபிக்க ஒன்றுமே இல்லை.

அவள் தம்பியைப் பார்த்தாள். இல்லை என்று அவன் சொல்லியிருக்கலாம். அக்கா அப்படிச் செய்ய மாட்டாள் என்று ஒரு வார்த்தை. அவன் பெண்டாட்டியைத் தடுக்கவும் இல்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். மூன்று நாள் அவன் காத்திருந்தது அவள் சொல்லட்டும் என்று மட்டும் இல்லை, பாதிச் சந்தேகத்தோடும்தான் என்று அவளுக்கு அப்போது புரிந்தது. பணம் போனதற்கு இவ்வளவு வலிக்கவில்லை.

காலையிலிருந்து தயார் பண்ணி வைத்திருந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்து நின்றது. என் பாதியில பாதியை எடுத்துக்கோ. இப்போது சொன்னால் என்ன ஆகும்? பார்த்தியா, பிடிச்சதும் பாதியைக் கக்கிட்டாங்க என்றாகும். சொல்லாவிட்டால்? முழுசையும் அமுக்கிட்டாங்க என்றாகும். முன்னால் போனால் முட்டும், பின்னால் போனால் உதைக்கும். ஒர்க்‌ஷாப்புக்கு இன்னும் ஒரு நாள்தான் இருக்கிறது. அவள் இடது சுண்டுவிரலில் நாடாவைச் சுற்றினாள். அது கோணலாகப் போனது, பிரித்து மறுபடி சுற்றினாள்.

கதைக்காகச் சொல்வது போல இருக்கும், ஆனால் அப்போதுதான் அது நடந்தது. தம்பி பெண்டாட்டியின் போன் மணியடித்தது. கூப்பிடுகிற மணி இல்லை, ஒற்றை மணி. அந்த முகவரியில் ஏதாவது அசைந்தால் சொல்லு என்று செவ்வாய்க்கிழமையே அவள் தன் போனில் ஏற்பாடு செய்து வைத்திருந்தாளாம். எடுத்துப் பார்த்தாள். முகம் மாறியது.

"போகுது" என்றாள்.

"என்னது?" என்றான் தம்பி.

"பணம். அங்கேருந்து வெளிய போகுது. ஒண்ணு போயிடுச்சு." இன்னொரு மணி. "ரெண்டு."

தம்பி எட்டிப் பார்த்தான். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து திரையைப் பார்த்தார்கள். திரையில் இருந்தது ஒரு காலி அறை, ஒரு மேசை, அதன்மேல் அவளுடைய இரண்டு கைகள். அவள் போன் இந்தப் படத்தைக் காட்டிக்கொண்டு கூஜாமேல்தான் சாய்ந்து நின்றது, அவள் அதைத் தொடவில்லை. வலது கை நாடா உருளையைப் பிடித்திருந்தது, இடது கை விரல்கள் விரிந்திருந்தன. அவள் புருஷன் அந்த நேரத்தில் பஸ்ஸில் இருப்பார் என்பது இரண்டு வீட்டுக்கும் தெரிந்த விஷயம்.

"மூணு" என்றாள் தம்பி பெண்டாட்டி. இந்தத் தடவை குரல் கம்மியிருந்தது.

நாலுநாலுவுக்கு ஒரு கணம் நெஞ்சு லேசானது. உண்மையைச் சொன்னால் நிம்மதிதான். மூன்று நாளாகப் போகாதே போகாதே என்று யாரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாளோ அவன் அள்ளிக்கொண்டு போகிறான், இவளுக்கு நிம்மதி வருகிறது. போ, எல்லாவற்றையும் இப்போதே எடுத்துக்கொண்டு போ, இவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போ. அடுத்த கணமே, அது தம்பியின் ஒர்க்‌ஷாப் அல்லவா என்று உறைத்தது. இனிமேல் போய்ப் பார்ப்பதற்குக்கூட அங்கே ஒன்றும் இருக்காது.

நாலாவது மணி அடித்த பிறகு வேறு மணி அடிக்கவில்லை.

"அண்ணி" என்று ஆரம்பித்துத் தம்பி பெண்டாட்டி நிறுத்திவிட்டாள். போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். தம்பியின் கண் கலங்கியிருந்தது. அது ஒர்க்‌ஷாப்புக்கா, அக்காவுக்கா என்று பிரித்துச் சொல்ல அவனாலும் முடிந்திருக்காது.

"அக்கா" என்றான். "போதும், மேசையிலேருந்து கையை எடுக்கா."

வெளியே பெல்ட் மறுபடி ஓட ஆரம்பிக்கிற சத்தம் கேட்டது. யாரோ கதவைத் தட்டி, நாலுநாலு, பெட்டி குவியுது என்றார்கள். சுண்டுவிரலில் பாதி சுற்றின நாடா மேசை விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதை அறுக்கவில்லை. இரண்டு கையையும் அவர்களுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி, மேசைமேல் அப்படியே வைத்திருந்தாள்.